ஐந்து மாடி ஜவுளிக்கடைக்கு எந்த ஸ்பிரிங்ளர்?

டீக்கடையிலிருந்து வாங்கி வந்த கொதிநீரை ஒரு எவர்சில்வர் போணியில் ஊற்றி, தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் ஹெட் இரண்டை ஒன்றாக உள்ளே இறக்கினேன். கண்ணாடி தெறிக்காமல் இருக்க மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினேன். இரண்டிலும் தண்ணீர் வாயை அடைத்து நிற்கும், சிவப்புத் திரவம் நிரப்பிய சின்னக் கண்ணாடிக் குப்பி. ஒன்று 5 மி.மீ. தடிமன், இன்னொன்று 3 மி.மீ. இரண்டுமே 68 டிகிரியில் உடைய வேண்டியவை. துண்டுக்கு அடியில் 'டிக்' என்று ஒரு சத்தம். ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து இன்னொரு 'டிக்'.

"முதல்ல உடைஞ்சது எது தம்பி?" என்றார் ஜவுளிக்கடை அண்ணாச்சி.

ஒல்லியானதுதான். தண்ணீர் சூட்டைச் சட்டென்று கடத்தும் என்பதால் போணிக்குள் வித்தியாசம் ஒரு நொடியோ என்னவோதான். கூரைக்கடியில் மெல்லச் சூடேறும் காற்றில் அந்த இடைவெளி பல மடங்கு விரியும். அதற்குள் தீ ஒரு அலமாரியிலிருந்து அடுத்த அலமாரிக்குப் போய்விடலாம்.

தென்மாவட்ட நகரம் ஒன்றில், கடைத்தெரு நடுவே இருக்கிறது அண்ணாச்சியின் ஜவுளிக்கடை. ஐந்து தளம். கட்டி இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. மாடிக்கு மாடி ஹோஸ் பெட்டி உண்டு, ஸ்பிரிங்ளர் இல்லை. போடலாம் என்று முடிவெடுத்து மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கியிருந்தார். மூன்றும் மூன்று திசையில் இழுத்தன. ஒருவர் பைப்பில் எப்போதும் தண்ணீர் நிற்கும் சாதாரண வெட் சிஸ்டம் என்றார், அடுத்தவர் ப்ரீ-ஆக்‌ஷன் என்றார், மூன்றாமவர் வாட்டர் மிஸ்ட் என்றார். எதை எடுப்பது என்று பார்த்துச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டார். பதினைந்து வருடமாக ஸ்பிரிங்ளர் வரைபடம் போடும் வேலைதான் எனக்கு. ஆனாலும் ஜவுளிக்கடைக்குள் நுழையும்போதெல்லாம் 2017 மே 31 நினைவுக்கு வந்துவிடும். அன்று அதிகாலை தியாகராய நகர் உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக்கடையில் பிடித்த தீயை ஒரு நாள் கடந்தும் முழுதாக அணைக்க முடியவில்லை. கட்டடத்தின் ஒரு பகுதி தானாகவே சரிந்தது. மிச்சத்தை இடித்துத்தான் தள்ள வேண்டியிருந்தது. துணி அப்படித்தான் எரியும். மேலே அணைந்த மாதிரி இருக்கும், மூட்டைக்குள்ளே கனன்றுகொண்டே இருக்கும்.

அண்ணாச்சியின் முதல் கவலை தீ அல்ல, தண்ணீர். "ஒரு பையன் ஏணியைத் தூக்கிட்டுப் போகையில தட்டிட்டான்னா, பட்டுப் புடவை பூராம் நனைஞ்சு போகும்லா?" நியாயமான பயம். சினிமாவில் ஒரு அறையில் புகை வந்ததும் கட்டடம் முழுக்க மழை கொட்டுவதைப் பார்த்துப் பழகியிருக்கிறோம். நிஜத்தில் ஒவ்வொரு ஹெட்டுக்கும் தனித்தனிக் குப்பி. எந்தக் குப்பியைச் சூடு தொடுகிறதோ அது மட்டும்தான் உடையும். பெரும்பாலான தீ ஒன்றிரண்டு ஹெட் திறந்ததிலேயே அடங்கிவிடுகிறது. வழக்கமான கே-80 ஹெட் ஒன்று (கே என்பது வாயின் அளவைக் குறிக்கும் எண்), 1 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 80 லிட்டர் விடும். இரண்டு ஹெட் பத்து நிமிடம் ஓடினால் 1,600 லிட்டர். அதே தீ வளர்ந்து தீயணைப்பு வண்டி வந்து நின்றால், ஒரு ஹோஸ் மட்டுமே நிமிடத்துக்குச் சில நூறு லிட்டர் அடிக்கும். அது எரிகிற புடவை, எரியாத புடவை என்று பார்த்து அடிக்காது.

இந்தப் பயத்துக்கு மருந்தாகத்தான் ப்ரீ-ஆக்‌ஷன் கொட்டேஷன் வந்திருந்தது. அதில் பைப்புக்குள் தண்ணீர் நிற்காது, காற்றுதான் இருக்கும். புகை டிடெக்டர் சிக்னல் கொடுத்தால் வால்வு திறந்து பைப்பில் தண்ணீர் ஏறும். அதற்குப் பிறகு சூட்டில் ஹெட் உடைந்தால்தான் கீழே விழும். ஏணி தட்டி ஹெட் உடைந்தால் காற்றுதான் வெளியேறும், சரக்கு நனையாது. ஓலைச்சுவடி வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்கோ சர்வர் அறைக்கோ கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

ஜவுளிக்கடைக்கு வேண்டாம் என்றேன். காரணம் துணிப்பஞ்சு. நாள் முழுக்கப் புடவையை விரித்து மடிக்கிற இடத்தில் காற்றில் மிதக்கும் அந்த நுண்ணிய தூசி டிடெக்டருக்குள் போய் உட்காரும். பொய் அலாரம் அடிக்கும். வியாபார நேரத்தில் நாலு தடவை அடித்தால் ஐந்தாவது தடவை யாராவது பேனலை அணைத்து வைத்துவிடுவார்கள். அது ஆள் குற்றமில்லை, எந்தக் கடையிலும் நடப்பதுதான். பேனல் அணைந்திருக்கும்போது நிஜத் தீ வந்தால், குப்பி உடையும், பைப்பிலிருந்து காற்று மட்டும் வரும். வெட் சிஸ்டத்தில் தீக்கும் தண்ணீருக்கும் நடுவே இருப்பது ஒரு கண்ணாடிக் குப்பி. இதிலோ டிடெக்டர், பேனல், பேட்டரி, மின்சாரத்தில் திறக்கும் சோலினாய்டு வால்வு, கம்ப்ரசர் என்று அத்தனையும் உயிரோடு இருந்தாக வேண்டும். இதோடு போகாது. டிடெக்டர், ஹெட் இரண்டும் இயங்கினால்தான் வால்வு திறக்கும் என்கிற இரட்டைப் பூட்டு வகையில் தண்ணீர் வந்து சேரத் தாமதமாகும் என்பதால், நனைக்க வேண்டிய பரப்பை 30 சதவீதம் கூட்டிக் கணக்கிடச் சொல்கிறது அமெரிக்க விதிநூலான என்.எஃப்.பி.ஏ. 13. பம்பும் டேங்கும் பெரிதாகும். சோதனைக்குப் பிறகு பைப்பில் தேங்கும் கொஞ்சத் தண்ணீரும் காற்றும் சேர்ந்து இரும்பை உள்ளிருந்து அரிப்பது வேறு. நைட்ரஜன் நிரப்பினால் அரிப்பு குறையும், ஆனால் அது இன்னொரு இயந்திரம், இன்னொரு பராமரிப்பு ஒப்பந்தம்.

வாட்டர் மிஸ்ட் பார்க்க அழகான தொழில்நுட்பம். துளிகள் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியவை. தீயருகே போனதும் ஆவியாகிச் சூட்டை உறிஞ்சும், அந்த ஆவி ஆக்சிஜனையும் தள்ளிவிடும். தண்ணீர் கொஞ்சமாகத்தான் செலவாகும். 1990 ஏப்ரலில் ஸ்கேண்டிநேவியன் ஸ்டார் கப்பலில் பிடித்த தீயில் 150க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு, எடையும் தண்ணீரும் அளவாக இருக்க வேண்டிய கப்பல்களில்தான் இது வேகமாக வளர்ந்தது. கப்பல் அறை சின்னது, கதவு மூடியது, ஆவி உள்ளேயே நிற்கும். அண்ணாச்சி கடையில் தரைத்தளத்திலிருந்து மூன்றாம் மாடி வரை நடுவே திறந்த கிணறு மாதிரி வெற்றிடம், சுற்றிலும் படிக்கட்டு. ஆவி எங்கே நிற்கும்? கட்டுக்கட்டாக அடுக்கிய வேட்டிக்கு நடுவில் கனலும் தீயை நனைக்கப் பனித்துளி போதாது, கனமான துளி வேண்டும். அந்த ஊர் போர்வெல் தண்ணீரில் பக்கெட் அடியில் வெள்ளையாக உப்புப் படிகிறது. நூல் மாதிரித் துளையுள்ள நாசிலுக்கு அது ஆகாது. உயர் அழுத்த மிஸ்ட் என்றால் 35 பாருக்கு மேல், பல சிஸ்டங்களில் 100 பார் அளவுக்குப் போகும். பம்பிலிருந்து ஸ்டெயின்லெஸ் பைப் வரை எல்லாமே தனி ரகம். ஒரு நிறுவனத்தின் நாசிலை எடுத்துவிட்டு இன்னொன்றை மாட்ட முடியாது, ஏனென்றால் மொத்தத்தையும் ஒரே தொகுப்பாகத்தான் சோதித்துச் சான்று தருகிறார்கள். எந்த உயரத்துக்கு, எந்தச் சரக்குக்குச் சோதித்தார்களோ அதற்கு மட்டும்தான் அந்தச் சான்று செல்லும். கொட்டேஷனில் ஜவுளிக்கடைக்கான சோதனைச் சான்று இருக்கிறதா என்று தேடினேன். அலுவலகத்துக்கும் ஹோட்டல் அறைக்கும் உள்ளதை இணைத்திருந்தார்கள். அந்தக் கொட்டேஷனை அத்தோடு மூடி வைத்தோம்.

ஆக வெட் சிஸ்டம். 1874இல் அமெரிக்காவின் நியூ ஹேவனில் ஹென்றி பார்மலீ தன் பியானோ தொழிற்சாலைக்குப் போட்டதும் அடிப்படையில் இதுதான்: பைப்பில் எப்போதும் தண்ணீர், வாயில் சூட்டுக்கு விட்டுக்கொடுக்கும் ஒரு அடைப்பு. ஆனால் வெட் சிஸ்டம் என்று முடிவெடுத்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. முதலாமவர் கொடுத்த கொட்டேஷனில் ஐந்து மாடிக்கும் ஒரே மாதிரி ஹெட், ஒரே மாதிரி இடைவெளி, ஒரே சிவப்புக் குப்பி. உண்மையில் ஒவ்வொரு மாடியும் ஒவ்வொன்றைக் கேட்கிறது.

விற்பனைத் தளங்களுக்கு 3 மி.மீ. குப்பி, அதாவது குவிக் ரெஸ்பான்ஸ். ஹெட் எவ்வளவு சீக்கிரம் சூட்டை உணர்கிறது என்பதை ஆர்.டி.ஐ. என்ற எண்ணால் அளப்பார்கள். 50 அல்லது அதற்குக் கீழ் என்றால் வேகமானது, 80 அல்லது அதற்கு மேல் என்றால் சாதாரணமானது. விலை வித்தியாசம் பெரிதில்லை. மக்கள் கூடும் தளத்தில் தீ சின்னதாக இருக்கும்போதே தண்ணீர் விழுந்தால், படிக்கட்டில் புகை சூழும் முன் கூட்டம் இறங்கிவிடும். இதில் ஒரு சலுகையும் உண்டு. குவிக் ரெஸ்பான்ஸ் போட்டால், கூரை 3 மீட்டருக்குள் இருக்கும் பட்சத்தில், கணக்கிடும் பரப்பை 40 சதவீதம் வரை குறைக்க அதே அமெரிக்க நூல் இடம் தருகிறது. முதலாமவர் ஹெட்டுக்கு 5 மி.மீ. குப்பியைக் காட்டிவிட்டு, டேங்குக்கு இந்தச் சலுகையையும் சேர்த்துப் போட்டிருந்தார். இரண்டும் ஒன்றாக வராது. எனக்கு அந்தச் சலுகையே வேண்டாம். தீபாவளிக்கு முந்தின வாரம் நடைபாதை முழுக்கப் பெட்டி அடுக்கியிருக்கும் கடையில் தண்ணீரைக் குறைத்து மிச்சம் பிடிக்கக் கூடாது.

ஷோரூம் என்பதால் கன்சீல்டு ஹெட் மேல் அண்ணாச்சியின் மகனுக்கு ஆசை. ஃபால்ஸ் சீலிங்கோடு ஒட்டிய வட்டத் தட்டு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். 57 டிகிரி வாக்கில் ஈயப்பற்று இளகித் தட்டு விழும், பிறகு உள்ளேயிருக்கும் ஹெட் இறங்கி வேலை செய்யும். அவரிடம் நான் பார்த்த ஒன்றைச் சொன்னேன். ஒரு ஹோட்டலில் வருடாந்தரச் சோதனைக்குப் போயிருந்தபோது, பெயிண்டர் சீலிங்கோடு சேர்த்துத் தட்டின் விளிம்பையும் பூசியிருந்தார். நகத்தால் நெம்பிப் பார்த்தேன், அசையவில்லை. அந்தத் தாழ்வாரத்தில் மட்டும் பதினொரு தட்டுகள். தட்டைச் சுற்றியுள்ள மெல்லிய இடுக்கு வழியாகத்தான் சூடு உள்ளே போக வேண்டும், அதைப் பெயிண்ட் அடைத்துவிட்டது. ஆண்டுக்கு ஒரு தடவை பெயிண்ட் அடிக்கிற கடைக்கு வெளியே தெரியும் ஹெட்தான் நல்லது. பட்டுப் பிரிவு ஒன்றுக்கு மட்டும் கன்சீல்டு போடலாம், தட்டு தொழிற்சாலையிலேயே சாயம் பூசி வந்ததாக இருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டோம். அழகும் வியாபாரத்தில் ஒரு பங்குதான், அதை நான் மறுக்கவில்லை.

நடுவிலுள்ள வெற்றிடத்தைப் பற்றி மூன்று கொட்டேஷனிலும் ஒரு வார்த்தைகூட இல்லை. எனக்கு அதிகக் கலக்கம் தந்தது இதுதான். தரைத்தளத்தில் தீ பிடித்தால் சூடான காற்று அந்த ஓட்டை வழியாக நேரே மூன்றாம் மாடிக்கு ஏறிவிடும். தீக்கு மேலே உள்ள ஹெட் குளிர்ந்தே இருக்க, எங்கோ மேலே உள்ளவை உடைந்து, தீயில்லாத இடத்தில் தண்ணீர் கொட்டும். இதற்கு ஒரு பழைய, நம்பகமான வழி உண்டு. ஓட்டையின் விளிம்பைச் சுற்றி ஒவ்வொரு தளத்தின் கூரையிலிருந்தும் 45 செ.மீ. ஆழத்துக்கு எரியாத பலகையால் ஒரு தொங்குதிரை. அதை ஒட்டி 1.8 மீட்டருக்கு மிகாத இடைவெளியில் நெருக்கமாக ஒரு வரிசை ஹெட். திரை சூட்டைத் தேக்கி நிறுத்தும், வரிசை ஒரு நீர்ச்சுவர் மாதிரி விழும். ஹெட்டுகளை இவ்வளவு நெருக்கினால் ஒன்றின் சாரல் பக்கத்துக் குப்பியில் பட்டு அதைக் குளிரவைத்து உடையவிடாமல் செய்யும். அதனால் இரண்டுக்கும் நடுவே சின்னத் தகடு வைக்க வேண்டும். சேர்த்துப் பார்த்தால் செலவில் சிறு பங்குதான். மிஸ்ட் பம்ப் ஒன்றின் விலையில் ஓட்டையுள்ள தளம் அத்தனைக்கும் திரை கட்டிவிடலாம்.

அப்புறம் நாலாம் மாடி. ஸ்டாக் ரூம். மேலே தகரக் கூரை.

வைகாசி வெயிலில் மத்தியானம் மேலே ஏறினேன். ரேக்கின் உச்சியில் தாவணிக் கட்டுகள் அடுக்கி, அதன்மேல் அட்டைப்பெட்டி ஏற்றி, கடைசிப் பெட்டிக்கும் தகரத்துக்கும் நடுவே என் உள்ளங்கை நுழையவில்லை. அங்கே எந்த ஹெட்டைப் போட்டாலும் தண்ணீர் அந்த முதல் பெட்டியில் மோதி அங்கேயே நின்றுவிடும். ஹெட்டுக்குக் கீழே குறைந்தது 45 செ.மீ. காலியாக இருந்தால்தான் சாரல் குடை மாதிரி விரியும். மூன்றாமவரின் ஆள் இதற்கு மட்டும் தனியாக ஈ.எஸ்.எஃப்.ஆர். ஹெட் பரிந்துரைத்திருந்தார். அது 1980களில் உயரமான கிடங்குகளுக்காக வந்தது. வாய் பெரியது, வேகமும் அதிகம், தீயைக் கட்டுப்படுத்துவதோடு நிற்காமல் அமுக்கியே விடும். ஆனால் அதன் பசியும் பெரிது. கே-200 ஹெட்டுக்கு ஏறக்குறைய 3.5 பார் அழுத்தம் வேண்டும், அப்போது ஒன்று மட்டும் நிமிடத்துக்கு 370 லிட்டர் விடும். 12 ஹெட் திறக்கும் என்று வைத்துத்தான் கணக்கு, அதாவது நிமிடத்துக்கு 4,400 லிட்டருக்கு மேல். பத்து மீட்டர் உயரக் கிடங்குக்கு அது தகும். நாலு மீட்டர் உயரத்தில் தகரத்துக்கடியில் இருக்கும் அறைக்கு அவ்வளவு தண்ணீரை மேலேற்றுவதில் பொருளில்லை. ஈ.எஸ்.எஃப்.ஆருக்குக் கீழே 90 செ.மீ. காலியிடம் வேறு வேண்டும்.

நான் சொன்னது வேறு. சரக்கின் உயரத்தை மூன்று மீட்டரில் நிறுத்துங்கள், சுவரில் சிவப்புக் கோடு ஒன்று போடுங்கள். கே-115 ஹெட் போடுவோம், ஒன்றுக்குப் பத்து சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 8 லிட்டர் என்றால் ஹெட்டுக்கு 80 லிட்டர். கே-80 அதைக் கொடுக்க 1 பார் கேட்கும், கே-115 அரை பாரிலேயே கொடுத்துவிடும். பம்ப் தரைக்குக் கீழேதான் இருக்கப் போகிறது, பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் வீதம் வழியிலேயே தொலைகிறது. அப்படிப்பட்ட இடத்தில் உச்சி மாடியில் மிச்சமாகும் அரை பார் பெரிய உதவி. வாய் அகலமானால் துளியும் கனமாக விழும், மேலெழும் அனலை ஊடுருவிக் கட்டு வரை இறங்கும். இங்கே குவிக் ரெஸ்பான்ஸ் வேண்டாம். சரக்கு நெருக்கமான அறையில் சூடு கூரையெங்கும் பரவும்போது, வேகமான குப்பிகள் தீக்குத் தொலைவிலும் உடைந்து தண்ணீரைப் பங்கு போட்டுவிடும். குப்பியின் நிறமும் மாற வேண்டும். சிவப்புக் குப்பி, கூரையடியில் 38 டிகிரிக்குள் இருக்கும் இடங்களுக்கானது. அன்று தகரத்துக்கடியில் நான் நின்றபோது சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. அங்கே 93 டிகிரியில் உடையும் பச்சைக் குப்பிதான் சரி. ஐந்து மாடிக்கும் சிவப்பு என்று எழுதித் தந்தவர் சித்திரை, வைகாசியில் அந்த அறைக்குள் ஏறிப் பார்த்திருக்க மாட்டார்.

"சரக்கை இறக்கினா எங்கே வைக்க?" அண்ணாச்சி கேட்ட கேள்விகளிலேயே கடினமானது இதுதான். நாலில் ஒரு பங்கு சரக்குக்கு வெளியே இடம் தேட வேண்டும். மாத வாடகை உண்டு. ஆனால் அந்த உயரத்தைக் குறைக்காமல் உள்ள எந்த வடிவமைப்பிலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ரேக்குக்கு உள்ளேயே தட்டுக்குத் தட்டு ஹெட் போடும் முறை ஒன்று உண்டு, நன்றாகவும் வேலை செய்யும். ஆனால் பெட்டியை இழுத்துத் தள்ளுகிற கைகளுக்கு நடுவே ஹெட் இருந்தால், முதலில் சொன்ன ஏணிப் பயம் தினசரி ஆகிவிடும்.

இனி எல்லாவற்றையும் விடப் பெரிய கணக்கு. விற்பனைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 5 லிட்டர், 360 சதுர மீட்டர் பரப்பு, ஒரு மணி நேரம் என்று எடுத்தேன். நிமிடத்துக்கு 1,800 லிட்டர், மணிக்கு 1,08,000 லிட்டர். நம் தெருவில் வருகிற 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்பது. இருபத்தைந்து வருடக் கட்டடத்தின் உச்சியில் 108 டன் எடையை ஏற்ற முடியாது. முதலாமவர் 40,000 லிட்டர் சின்டெக்ஸ் வரிசையை மாடியில் காட்டியிருந்தார். அழுத்தத்துக்கு அந்த உயரமும் போதாது, அளவும் போதாது. பின்பக்கம் வண்டி நிறுத்துமிடத்துக்குக் கீழே சம்ப் தோண்டுவதுதான் வழி. மின்சாரப் பம்ப் ஒன்று, கரண்ட் போனால் ஓட டீசல் பம்ப் ஒன்று, அழுத்தத்தைப் பிடித்து வைக்கச் சின்ன ஜாக்கி பம்ப். எந்த வகை ஹெட் என்று இரண்டு மாதமாகப் பேசியிருந்தார்கள், ஆனால் செலவில் பாதிக்கு மேல் இந்தக் குழிக்கும் பம்புக்கும்தான் போகப் போகிறது. மிஸ்ட் வாங்க வைத்திருந்த பணத்தை இங்கே கொட்டுங்கள் என்றேன்.

பைப்பைப் பொறுத்தவரை ஆரஞ்சு நிற சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப் சுலபம், வெல்டிங் வேண்டாம். ஆனால் பொதுவாக அது அலுவலகம், குடியிருப்பு மாதிரிக் குறைந்த அபாய இடங்களுக்கு அனுமதிக்கப்பட்டது, ஜவுளிக்கடைக்கு இரும்புப் பைப்தான். துணிக்கு நடுவே வெல்டிங் பொறி தெறிப்பதை நினைத்தாலே பதறுகிறது. அதனால் பட்டறையிலேயே வெட்டி, முனையில் பள்ளம் போட்டு எடுத்து வந்து, இங்கே கப்ளிங் என்னும் இணைப்பு வளையம் போட்டு இறுக்க மட்டும் செய்யும்படி எழுதியிருக்கிறேன். பைப்பின் உச்சியில் தேங்கும் காற்று வெளியேற ஒரு ஏர் வெண்ட். அரிப்பு தொடங்குவதே அந்தக் காற்றுக் குமிழியில்தான்.

ஒவ்வொரு மாடிக்கும் தனி வால்வு, பைப்பில் தண்ணீர் ஓடினால் உணரும் ஃப்ளோ சுவிட்ச் தனி. ஏணி தட்டி ஒரு ஹெட் உடைந்தால் எந்த மாடி என்று கீழே மணி அடிக்கும், அந்த மாடியை மட்டும் அடைக்கலாம். பட்டு நனையும் பயத்துக்கு ப்ரீ-ஆக்‌ஷனை விட இது எளிய பதில். ஆனால் அடைத்த வால்வைத் திறக்க மறப்பதுதான் ஸ்பிரிங்ளர்கள் கைவிடுவதற்கு முதல் காரணம். எனவே வால்வைத் திறந்த நிலையில் சங்கிலி போட்டுப் பூட்ட வேண்டும், யாராவது திருப்பினால் அலாரம் வர ஒரு டேம்பர் சுவிட்சும் வேண்டும்.

அண்ணாச்சி வெட் சிஸ்டத்துக்கும் சம்புக்கும் சம்மதித்துவிட்டார். தொங்குதிரைக்கும் சரி என்றார். சரக்கு உயரத்துக்கு இன்னும் முழுதாகச் சரி சொல்லவில்லை. போன வாரம் கூப்பிட்டார்.

"தம்பி, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு குடோன் பாத்திருக்கேன். கூரை தகரம்தான். நீ ஒருக்கா வந்து பாத்திருதியா?"

வியாழக்கிழமை போகிறேன். மத்தியானம் வெயில் ஏறிய பிறகு.